புதுப்பிக்கப்பட்ட நகரக் கரையோரத்துக்குச் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போவது எப்படி?

ஆறு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள ஒரு பெரியவர், கையில் ஒரு மாலைப்பொழுது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்: நான்கு வயது மகன், ஒன்பது வயது மகள், எழுபதைக் கடந்த அம்மா. நாலைந்து வருடமாக இப்படிப் போய்வருவதால் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை நாங்கள் செய்த தவறு, முழுக் கரையையும் நடந்து பார்த்துவிட நினைத்தது. நடைபாதை மூன்று கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருந்தது. அது ஒன்றும் பெரிய தூரமாகத் தெரியவில்லை. மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மகள் (அப்போது அவளுக்கு ஐந்து வயது) தோளில் தூங்கிவிட்டாள். அம்மா பத்தடிக்கு ஒருமுறை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிவர அதே மூன்று கிலோமீட்டர் பாக்கி. பூங்கா என்றால் களைத்தவுடன் குறுக்கே வெட்டி வாசலுக்கு வந்துவிடலாம். கரையில் அது நடக்காது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சாலையோ கட்டடமோ. வந்த வழிதான் திரும்பும் வழி.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு நடை குறைவோ அவர்தான் அளவு. அம்மாவால் அரை மணி நடக்க முடியும் என்றால், கால் மணியில் திரும்புவோம். படகுச் சேவை இருக்கும் நகரம் என்றால் இன்னும் நல்லது: போகும்போது படகு, வரும்போது நடை. பிள்ளைகளுக்குப் படகே பாதி உல்லாசம்.

அடுத்தது, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. வேடிக்கை பார்க்கும் தண்ணீரைவிட, தொட முடிந்த தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கம்பிக்குப் பின்னால் நின்று ஆற்றைப் பார்ப்பது பெரியவர்களுக்குப் போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். பிரான்சின் போர்தோ நகரத்தில், கரோன் ஆற்றங்கரையில் 2006-இல் அமைத்த 'நீர்க்கண்ணாடி' இதற்கு மிக அழகான உதாரணம். கருங்கல் தளத்தின் மேல் வெறும் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், பிறகு வடியும், பிறகு தளத்திலிருந்து பனிப்புகை போல எழும். தவழும் குழந்தைகூட அதில் விளையாடலாம். தென்கொரியத் தலைநகர் சியோலின் சொங்கேசொன் ஓடையில் தண்ணீரின் குறுக்கே கற்களைப் பதித்திருக்கிறார்கள், தாவித் தாவிக் கடக்கலாம். உங்கள் நகரத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம். தரையிலிருந்து பீச்சும் நீரூற்றோ, ஆழமில்லாத வாய்க்காலோ இருந்தாலே போதும். அதைச் சுற்றியே நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் ரசிக்கும் பகுதி ஒன்று உண்டு. அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது. சொங்கேசொன் ஓடை பல காலம் கான்கிரீட்டுக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் மேம்பாலச் சாலை ஓடியது. 2003-இல் பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். சிங்கப்பூர் ஆற்றில் பன்றிப் பண்ணைக் கழிவும் குப்பையும் கலந்து நாறிய காலம் இருந்தது. பத்தே வருடத்தில் சுத்தமாக வேண்டும் என்று 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ இலக்கு வைத்தார், 1987-இல் அது முடிந்தது. அந்த ஆறு போய்ச் சேரும் இடத்தில் 2008-இல் மரினா தடுப்பணை வந்தது. இன்று அதன் கட்டட மாடியில் வளர்த்த புல்வெளியில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி: "அப்போ நம்ம ஆத்தையும் சரி பண்ணிடலாமாப்பா?" பண்ணலாம் என்றுதான் சொன்னேன். அதை முழுமையாக நம்பித்தான் சொன்னேன்.

மகனுக்கு அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகக் காணொலி போதும். அங்கே 2014 முதல் ஒரு சக்கரம், ஓடும் நீரின் விசையிலும் சூரிய மின்சாரத்திலும் சுழன்று, மிதந்துவரும் குப்பையை வாரிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெரிய முட்டைக்கண் இரண்டு வைத்து 'மிஸ்டர் டிராஷ் வீல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவன் தரையில் எதையும் போடுவதில்லை.

பழைய துறைமுகம் என்றால் ஒரு விளையாட்டு: கப்பல் கயிறு கட்டிய குட்டை இரும்புத் தூண்கள், பாதி புதைந்த தண்டவாளம், நிறுத்திவைத்த பளுதூக்கி. யார் அதிகம் கண்டுபிடிப்பது? இதில் அம்மாதான் எப்போதும் ஜெயிப்பார்.

இனி பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீரில் விழும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நொடிகளில் மூழ்கிவிடும். 'எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். நாங்கள் முறை வைத்திருக்கிறோம்: கால் மணி நேரம் நான், அடுத்த கால் மணி நேரம் மனைவி. முறையில் இருப்பவர் கைபேசியை எடுக்கக் கூடாது, பிள்ளையைக் கை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நீலம், பச்சைச் சட்டை வேண்டாம். ஆரஞ்சோ சிவப்போ போடுங்கள். பழைய கப்பல் துறைகளில் பல இடங்களில் கம்பி வேலியே இருக்காது, ஏனென்றால் அவை சரக்கு ஏற்றி இறக்கக் கட்டியவை. தண்ணீருக்குள் இறங்கும் படிகளில், நனைந்து பச்சையாகத் தெரியும் படிக்கு மேலேயே நின்றுவிடுங்கள். அது பாசி, சோப்பைப் போல வழுக்கும். போனவுடன் உயிர்காப்பு வளையம் எங்கே தொங்குகிறது என்று பார்த்துவைப்பது என் வழக்கம்.

கனமழை பெய்த அடுத்த ஓரிரு நாள் ஆற்றில் கைகூட வைக்க விடாதீர்கள். பல பழைய நகரங்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான். மழை அதிகமானால் அது நிரம்பி ஆற்றில் கலந்துவிடும். பாரிஸின் சேன் ஆற்றில் 1923-இல் தடை செய்த குளியலை 2025 ஜூலையில்தான் மறுபடி அனுமதித்தார்கள். அங்கும் மழைக்குப் பின் நீரின் தரம் கெட்டால் மூடிவிடுவார்கள். கோபன்ஹேகன் துறைமுகக் குளியல் இடங்களிலும் இதே நடைமுறைதான். சொங்கேசொன் ஓடையையும் மழை வந்தால் மூடுகிறார்கள். அங்கே காரணம் வேறு, நீர்மட்டம் சட்டென்று ஏறிவிடும்.

காற்றையும் மறக்க வேண்டாம். கரையில் வெயில் தெரியாது, காற்று அதை மறைத்துவிடும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து முகத்தைச் சுட்டுவிடும். போகும்போது எதிர்காற்றில் நடந்தால், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். பொழுது சாய்ந்ததும் பெரியவர்களுக்குக் குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறை எங்கே, சாய்தளம் எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அழகான அகலப் படிக்கட்டு வைத்தவர்கள் சக்கர நாற்காலிக்கான வழியை அரை கிலோமீட்டர் தள்ளி வைத்திருப்பார்கள்.

கடைசியாக, பெரியவருக்கு முதுகு சாய்கிற பெஞ்சு ஒன்றைத் தண்ணீரைப் பார்த்தபடி முதலிலேயே பிடித்துவிடுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம் அங்கிருந்தே தெரிகிற மாதிரி. அம்மா அப்படி உட்கார்ந்துகொள்வார். மகன் நாலு தாவல் தாவிவிட்டு ஓடிவந்து அவர் மடியில் ஈரக் கையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடுவான். போன முறை மொத்தமே இருநூறு மீட்டர்தான் நடந்தோம். இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை.