திங்கட்கிழமை ஆட்டத்தின் டிக்கெட்

அன்புள்ள ஐயா,

பழைய பேஸ்பால் டிக்கெட்டுகள் சேர்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். இப்போது எனக்கே அந்த விஷயத்தில் ஒரு சந்தேகம்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மையார் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்த் தங்கப்போகிறார். சாமான்களை ஒழிக்க நானும் மனைவியும் உதவினோம். குப்பைக்குப் போகவிருந்த ஒரு அட்டைப்பெட்டியை, "உன் பையன் பேஸ்பால் ஆடுகிறானே, அவனுக்குக் கொடு" என்று கொடுத்துவிட்டார். உள்ளே அவருடைய மறைந்த கணவரின் ஆல்பம். அவர் புரூக்ளின்காரர், அப்போது அந்த ஊர் அணியாக இருந்த டாட்ஜர்ஸ் என்றால் உயிராம். கறுப்புத் தாள்களில் கிழித்த டிக்கெட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார். பெரும்பாலும் அந்த அணியின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த சாதாரண ஆட்டங்கள். கடைசியாக ஒட்டியது மட்டும் வேறு: 1956 வேர்ல்ட் சீரீஸ் (அந்த வருடத்தின் சாம்பியனை முடிவுசெய்யும் தொடர்), யாங்கி ஸ்டேடியம், கேம் 5. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத் தாள்.

இணையத்தில் விலைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, தரச்சான்றுக்கு அனுப்பிவிடு என்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா? பாதி கிழிந்த டிக்கெட்டுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டா? கொடுத்துவிட்டார் என்பதால் இது இப்போது என்னுடையதுதானே?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஆல்பத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சேர்க்க ஆரம்பித்த முதல் வருடத்தில் நான் இப்படி ஒரு தாளை வெந்நீர் ஆவியில் காட்டினேன். பசை இளகியது, உண்மைதான். கூடவே டிக்கெட்டின் மேல்தோல் அச்சோடு உரிந்து வந்தது. இருக்கை எண் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பஞ்சுதான் மிஞ்சியது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

உங்கள் கையில் இருப்பது எந்த ஆட்டம் என்று தெரிந்துதான் எழுதினீர்களா என்று தெரியவில்லை. 1956 அக்டோபர் 8, டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்து வீசிய ஆட்டம் அது. 97 பந்துகள். டாட்ஜர்ஸ் ஆட்கள் 27 தடவை வரிசையாக வந்து 27 தடவையும் வரிசையாக ஆட்டமிழந்தார்கள். ஒருவர்கூட முதல் பேஸில் கால் வைக்கவில்லை. பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். வேர்ல்ட் சீரீஸ் 1903இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த மேடையில் நடந்த ஒரே பெர்ஃபெக்ட் கேம் இதுதான். கடைசி ஆள் டேல் மிட்சல் மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்காமல் பார்த்தபடி நின்று அவுட் ஆக, பின்னால் பந்து பிடித்த யோகி பெர்ரா ஓடிவந்து லார்சன் மேல் தாவி ஏறிக்கொண்ட படத்தை உங்கள் பையன் நிச்சயம் பார்த்திருப்பான்.

வேர்ல்ட் சீரீஸ் டிக்கெட்டைக் கையில் எடுத்தவுடன் ஆட்ட எண்ணைத்தான் தேட வேண்டும். தேதியை நம்பினால் ஏமாறலாம். டிக்கெட்டுகளை முன்கூட்டியே அடித்துவிடுவார்கள். மழை வந்தால் தேதி மாறும், எண் மாறாது. உங்கள் டிக்கெட்டே அதற்கு நல்ல உதாரணம். 1956இல் இரண்டாவது ஆட்டம் அக்டோபர் 4 வியாழக்கிழமை நடக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. பின்னால் வந்த ஆட்டங்களும் அதோடு நகர்ந்தன. ஆக, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று கேம் 5 டிக்கெட்டை வாங்கியவர்கள் திங்கட்கிழமை போக வேண்டியதாயிற்று. எத்தனை பேர் முதலாளியிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களோ! அப்படியும் 64,519 பேர் வந்தார்கள்.

பாதி கிழிந்ததற்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். வாசலில் கிழித்து ரசிகர் கையில் திருப்பிக் கொடுக்கும் துண்டை அமெரிக்கர்கள் ஸ்டப் என்பார்கள். அதை அவர்கள் பத்திரமாக வைத்திருந்ததற்குக் காரணம் மழை. அதில் 'ரெயின் செக்' என்று போட்டிருக்கும். போதிய இன்னிங்ஸ் முடியாமல் ஆட்டம் நின்றுபோனால், அந்தத் துண்டைக் காட்டித்தான் மறுபடி உள்ளே போக முடியும். ஐந்து இன்னிங்ஸ் தாண்டிவிட்டால் அதற்கு எந்த வேலையும் இல்லை. பெரும்பாலானவர்கள் இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்கள். வேலை முடிந்த பிறகும் அதைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் வேறு மாதிரி மனிதர்.

சந்தையில் கிழிக்காத முழு டிக்கெட்டுக்குத்தான் பொதுவாக விலை கூடுதல். பார்க்க அழகாக இருக்கும், எண்ணிக்கையிலும் குறைவு. எனக்கு அதில் என்றுமே உடன்பாடு இல்லை. கிழிக்காத டிக்கெட் என்றால் பெரும்பாலும் அதை வைத்திருந்தவர் அன்று போகவில்லை என்றுதான் பொருள். 1964இல் பிலடெல்பியா பில்லீஸ் அணி 12 ஆட்டங்களே மிச்சமிருக்க லீக் பட்டியலில் ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. வேர்ல்ட் சீரீஸ் டிக்கெட்டுகளையும் அடித்தாயிற்று. பிறகு வரிசையாகப் பத்துத் தோல்வி. நடக்காத ஆட்டங்களுக்கான அந்த டிக்கெட்டுகளும் இன்று சேகரிப்புப் பொருள்கள்தான். நானும் ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன், வாங்கத் தோன்றவில்லை. கிழிந்த டிக்கெட்டின் ஓரத்தில் ஒரு மனிதர் உள்ளே போனதற்கான தடயம் இருக்கிறது.

நீங்கள் இணையத்தில் பார்த்தது ஜாக்கி ராபின்சன் டிக்கெட்டின் விலையாக இருக்கலாம். நவீன மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். 1947 ஏப்ரல் 15, எபெட்ஸ் ஃபீல்டில் டாட்ஜர்ஸுக்காக அவருடைய முதல் ஆட்டம். அதன் ஸ்டப் ஒன்று 2022 பிப்ரவரியில் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அதை வைத்து உங்களுடையதற்குக் கணக்குப் போட வேண்டாம். அந்த ஆட்டத்தின் துண்டுகளில் மிஞ்சியவை மிக மிகக் குறைவு, போதாததற்கு அது சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரம். விற்பவர் கேட்கும் விலையையும் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில், இதே ஆட்டம், ஸ்டப், ஏறக்குறைய இதே நிலையில் உள்ளது என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் விலை.

ஆனால் ராபின்சனின் பெயர் உங்கள் டிக்கெட்டோடும் ஒட்டியிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை அவர் களத்தில் இருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த பந்து மூன்றாவது பேஸில் நின்ற ஆண்டி கேரியின் கையில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் இருந்த கில் மெக்டூகால்டிடம் போனது. அவர் எடுத்து எறிய, நூலிழையில் அவுட். பந்து ஓர் அங்குலம் விலகித் தெறித்திருந்தால் பெர்ஃபெக்ட் கேமே இல்லை. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் கடைசியாக அவுட் ஆனவரும் ராபின்சன்தான். அதோடு அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார்.

தரச்சான்று பற்றி. பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் டிக்கெட்டுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்கள். பின்பக்கம் பசையோ தாள் கிழிசலோ இருந்தால் மதிப்பெண் இறங்கும். இறங்கட்டும். இவ்வளவு அரிய ஆட்டத்துக்கு, அசல் என்ற சான்றுதான் முக்கியம். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பழந்தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமெடுத்து வையுங்கள். போலிகள் இருக்கின்றன. 1932 டிக்கெட் என்று ஒருவர் கொடுப்பது புற ஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும், அந்த வெண்மையூட்டி ரசாயனம் அப்போது காகிதத்தில் கிடையாது. 1956க்குள் அது புழக்கத்துக்கு வந்துவிட்டதால் உங்களுடையதற்கு இந்தச் சோதனை தீர்ப்புச் சொல்லாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், நகல்களில் எழுத்தும் கோடும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். உங்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி அந்த ஆல்பம். ஒரே கை, ஒரே பசை, எபெட்ஸ் ஃபீல்டு துண்டுகளின் வரிசையில் கடைசியாக இது. அதனால்தான் பிரிக்க அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

அந்த வெற்றுத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1957 செப்டம்பர் 24 அன்று டாட்ஜர்ஸ் எபெட்ஸ் ஃபீல்டில் கடைசியாக ஆடினார்கள். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் முந்தைய வருடத்தோடு நிறுத்தியிருக்கிறார், அதுவும் தன் அணி ஒரு பேஸைக்கூடத் தொட முடியாமல் தோற்ற ஆட்டத்தோடு. தோல்வியின் டிக்கெட்டை ஒரு ரசிகர் வீட்டுக்குக் கொண்டுவந்து பசை தடவி ஒட்டினாரே, எனக்கு அந்த மனசுதான் பெரிதாகத் தெரிகிறது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் அந்த அம்மா கொடுத்தது ஒரு பழைய ஆல்பத்தை, உங்களிடம் இருப்பது அந்த ஆட்டத்தின் டிக்கெட். தெரியாமல் கொடுத்ததைத் தெரிந்த பிறகு பேசாமல் வைத்துக்கொள்வது சரியில்லை. அவர் கிளம்பும் முன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இது என்ன, இதற்கு என்ன விலை கிடைக்கலாம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மகளும் கூட இருந்தால் நல்லது. அதன் பிறகும் உங்கள் பையனுக்கே என்று சொன்னால் நிம்மதியாக வாங்கிக்கொள்ளுங்கள், விற்கவும் செய்யுங்கள், தவறே இல்லை. திரும்ப வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள்.

எப்படியானாலும் அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். அன்று கணவர் யாரோடு போனார், எந்தப் பக்கம் உட்கார்ந்தார், வீட்டுக்கு வந்து என்ன சொன்னார். திங்கட்கிழமை வேலைக்கு என்ன காரணம் சொல்லிவிட்டுப் போனார் என்றும் மறக்காமல் கேளுங்கள். தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.