எதிர்நீச்சலும் கருந்துளையும்

"கருந்துளையை நோக்கி விண்வெளியே ஆறு மாதிரிப் பாய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றில் இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, குறுக்கே நீந்திக் கரையேறு என்பார்கள். கருந்துளைக்குள் விழுந்த விண்கலம் ஏன் பக்கவாட்டில் தப்பக்கூடாது? எஞ்சினுக்குப் பலம் போதாது என்பதுதான் காரணமா?"

க., திருவான்மியூர்

அன்புள்ள க.,

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. அங்கே கரை இல்லை.

எதிர்நீச்சல் என்ற சொல்லுக்குத் தமிழில் ரொம்ப நல்ல பெயர். வெள்ளத்தில் அதுதான் ஆளைக் கொல்கிறது. ஆறு நொடிக்கு 1.5 மீட்டர் ஓடுகிறது, நீங்கள் நொடிக்கு அரை மீட்டர் நீந்துவீர்கள் என்று வைப்போம். எதிர்த்தால் பின்னால்தான் போவீர்கள், மூச்சும் தீரும். 20 மீட்டர் தள்ளியிருக்கும் கரையைப் பார்த்துக் குறுக்கே போனால் 40 நொடியில் தொடலாம். அதற்குள் 60 மீட்டர் கீழே அடித்துப் போயிருப்பீர்கள், போகட்டும். பாறை தென்பட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதம் நீர்மட்டத்தில் இருக்கும்படி மிதக்க வேண்டும். வேகமாக ஓடும் முழங்கால் ஆழத்தில் எழுந்து நிற்கவே கூடாது: பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீரே முதுகில் அழுத்தி முகங்குப்புறக் கவிழ்த்துவிடும்.

ஆற்றில் கருந்துளைக்குக் கிட்டத்தில் வரும் இடம் தடுப்பணையின் அடிவாரம். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்தால் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அது அருவி மாதிரித் தெரியும். விழுந்த நீர் அடியால் ஓடிவிட, மேல்நீர் அணையை நோக்கியே திரும்பி உருளும். மிதப்பவரை மறுபடி மறுபடி அணையடிக்குக் கொண்டுவரும். அங்கேகூட அடியில் ஓடும் நீர் வெளியேற வழி உண்டு.

கருந்துளையை ஆறாகப் பார்க்க உதவும் கணிதம் 1921, 22இல் வந்தது. ஒருவர் பெய்ன்லெவே, பிரெஞ்சுப் பிரதமராக இருந்தவர். மற்றவர் குல்ஸ்ட்ராண்ட், நோபல் பெற்ற கண் மருத்துவர். என்ன ஜோடி! சூரியனைப்போல் 10 மடங்கு நிறை என்றால் நிகழ்வெல்லை, அதாவது தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை, மையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. 120 கி.மீ. தொலைவில் விண்வெளி ஒளியின் பாதி வேகத்தில் உள்ளே பாய்கிறது. அங்கே நல்ல எஞ்சின் உங்களைக் காப்பாற்றும். 30 கி.மீ.யில் பாய்ச்சல் ஒளிவேகத்தைத் தொடுகிறது, அதற்கும் உள்ளே ஒளிவேகத்தைத் தாண்டுகிறது. அங்கே பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒளி பக்கவாட்டில் போகும், ஆனால் அதைவிட வேகமாக உள்ளே அடித்துச் செல்லப்படும். குறுக்கே நீந்துவது ஆற்றில் பலிப்பதற்குக் காரணம் கரை ஓடாமல் நிற்பதுதான். எல்லைக்குள் நிற்கும் பொருள் என்று ஒன்றுமே கிடையாது.

எஞ்சினால் பயனே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை சுமார் 40 லட்சம் சூரிய நிறை. அது சுழலவில்லை என்று கொண்டால், வெகுதூரத்திலிருந்து சும்மா விழுபவருக்கு எல்லை தாண்டியபின் மையத்தில் போய் முடிய ஏறத்தாழ 26 நொடி. தாண்டிய உடனே வெளிநோக்கி எஞ்சினை முடுக்கி, சரியான கணத்தில் அணைத்தால் அதை 62 நொடி வரை இழுக்கலாம். பயத்தில் அணைக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த நேரம் மறுபடி குறையும்.