புளிக்கும் பீர் கெட்டுப்போனதா?

கேள்வி: வேலை நிமித்தமாகப் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தங்கியிருக்கிறேன். உடன் பணிபுரிபவர் ‘ரோடன்பாக் கிராண்ட் க்ரூ’ என்ற பீரை வாங்கிக் கொடுத்தார். முதல் மடக்கிலேயே பல் கூசியது. காடியின் (வினிகரின்) நெடி மூக்கில் ஏறியது. அது கெட்டுப்போன புட்டியா? இல்லையென்றால் அதை எப்படிச் சுவைப்பது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புட்டியில் குறையில்லை. அந்தப் புளிப்பு, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து வேண்டுமென்றே வரவழைக்கப்படுவது. மேற்கு ஃபிளாண்டர்ஸின் ரூசலாரே நகரில் ரோடன்பாக் சகோதரர்கள் 1821இல் வாங்கிய ஆலையில், செங்குத்தாக நிற்கும் 294 ஓக் மரத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் சிறியது ஏறத்தாழ 12,000 லிட்டரும் பெரியது 65,000 லிட்டரும் கொள்ளும். ஈஸ்ட்டுடன் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து நொதிக்கவைத்த பீர் இத்தொட்டிகளில் ஊறும்போது, மரத்தின் நுண்துளைகள் வழியே மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. அந்தக் கசிவில்தான் அசெட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு, உருவாகிறது. தொட்டி பெரிதானால் கொள்ளளவோடு ஒப்பிட மரப்பரப்பு குறைவு, ஆகவே கசிவும் குறைவு. சிறு பீப்பாயில் ஊறும் பீர் எளிதில் வெறும் காடியாகிவிடுவதும், இங்கே அவ்வாறு ஆகாமல் இருப்பதும் இதனால்தான்.

ஊறியதை அப்படியே புட்டியில் அடைப்பதில்லை. கிராண்ட் க்ரூவில் இரண்டு ஆண்டு ஊறியது மூன்றில் இரண்டு பங்கு, இளம் பீர் ஒரு பங்கு. சாதாரண ரோடன்பாக்கில் ஊறியது கால் பங்கு மட்டுமே. முதன்முறையாகச் சுவைப்பவருக்குச் சாதாரண வகையையே நான் பரிந்துரைப்பேன் என்றாலும், ஓக் மரம் என்ன செய்கிறது என்பதை அறிய விரும்புகிறவர் கிராண்ட் க்ரூவுக்கு வந்தே ஆக வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடிக்காதீர்கள். மிகையான குளிர்ச்சி மணத்தை அடக்கிவிட்டுப் புளிப்பை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கவைக்கும். 10 முதல் 12 டிகிரிவரை வரட்டும். வாய் குறுகிய கோப்பையில் பாதியளவு ஊற்றி, மெல்லச் சுழற்றி முகருங்கள். முதலில் வருவது காடிதான். அது சற்று அடங்கியதும் புளிப்புச் செர்ரி, பச்சை ஆப்பிள், பின்னர் ஈர மரத்தின் வாடை என ஒவ்வொன்றாக மேலெழும். முதல் மடக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நாக்கு அமிலத்துக்குப் பழகிய பிறகு, இரண்டாம் மூன்றாம் மடக்கில்தான் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், இனிப்பு தெரியவரும். விழுங்கிய பின் ஈறுகளில் ஒட்டும் இலேசான துவர்ப்பு ஓக் மரத்தின் டானினால் வருவது. கசப்பைத் தேட வேண்டாம்: பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூக்கள் மிகுந்தால் லாக்டிக் பாக்டீரியாக்கள் வளராது, கசப்பும் புளிப்பும் நாக்கில் ஒன்றோடொன்று மோதவும் செய்யும் என்பதால் அது குறைவாகவே சேர்க்கப்படுகிறது.

கேள்வி: அப்படியானால் இவ்வகைப் பீர் கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் புளிப்பு நாக்கின் இருபுறமும் பரவி அடங்கும், அசெட்டிக் புளிப்பு தொண்டையைச் சுடும். இரண்டாவது மேலோங்கி, பழமணம் சிறிதும் இல்லாமல் நகப்பூச்சு அழிப்பானின் நெடி அடித்தால் அது குறைதான். நனைந்த அட்டையின் வாடை வந்தால் புட்டிக்குள் ஆக்சிஜன் புகுந்து பழசாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி: லாம்பிக் என்ற இன்னொரு புளிப்பு பீரும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக்கில் ஈஸ்ட் சேர்ப்பதே கிடையாது. திறந்த அகலத் தொட்டியில் இரவெல்லாம் ஆறும்போது காற்றிலிருந்து வந்து விழும் நுண்ணுயிர்களே அதை நொதிக்கவைக்கின்றன. முளைகட்டாத கோதுமையும் அதில் கணிசமாக உண்டு. ரோடன்பாக்கின் செர்ரி மணமும் மால்ட் இனிப்பும் அதில் கிடைக்கா. மாறாக, வைக்கோலும் எலுமிச்சையும் கலந்த வறண்ட சுவை இருக்கும். கிராண்ட் க்ரூ உங்களுக்குப் பிடித்துப்போன பிறகு அதற்குச் செல்லுங்கள்.