அடிக்காமலே 'அசால்ட்'!

கேள்வி: தண்ணீர்க் குழாய்த் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரை நோக்கிக் கையை ஓங்கினார், அடிக்கவில்லை. வழக்கறிஞர் எழுதிய ஆங்கிலப் புகாரில் 'அசால்ட்' என்று இருக்கிறது. பொய்ப் புகார் ஆகிவிடாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆகாது, அம்மா. நம் அகராதிகள் 'தாக்குதல்' என்று போட்டுவிட்டதால் வந்த வினை இது. சட்டத்தின் 'அசால்ட்' அடி விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதோ அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவர் நினைக்கும்படி, தெரிந்தே கையை ஓங்கினால் போதும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 351ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 130. கடிநாயின் வாய்ப்பூட்டை ஒருவன் அவிழ்க்கத் தொடங்குவதைக்கூட அதற்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாய் கடிக்க வேண்டியதில்லை! ஆனால் வெறும் வசவு மட்டும் 'அசால்ட்' ஆகாது. நானாக இருந்தால் தமிழில் 'தாக்க முனைதல்' என்று எழுதுவேன்.

ஓங்கிய கை மேலே விழுந்தால் இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்குப் பெயர் 'பேட்டரி'. உங்கள் வீட்டு டார்ச் விளக்கில் இருக்கும் பேட்டரியும் அடித்தலைக் குறிக்கும் அதே பிரெஞ்சு வேரில் பிறந்ததுதான்.

கேள்வி: ஸ்கஃபிள், பிரால், அஃப்ரே, மெலே எல்லாம் சண்டைதானே? எதற்கு இத்தனை சொற்கள்?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: குழாயடிச் சண்டையும் குடுமிப்பிடிச் சண்டையும் ஒன்றா, தம்பி?

நான் நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், ஒரு கட்சிக் கூட்டத்தில் 'ஸ்கஃபிள்' என்று ஆங்கிலச் செய்தி வந்தது. 'கூட்டத்தில் கலவரம்' என்று தலைப்புப் போட்டுக் கொண்டுபோனேன். இரவுப் பணி மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "எத்தனை பேர் செத்தார்கள்?" யாரும் இல்லை என்றேன். "மண்டை உடைந்ததா?" இல்லை. "பிறகு என்னதான் ஆயிற்று?" "ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போயிற்று, ஐயா." சிவப்புப் பேனாவால் கலவரத்தை அடித்துவிட்டுத் 'தள்ளுமுள்ளு' என்று எழுதினார். இன்றுவரை 'ஸ்கஃபிள்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

'பிரால்' என்றால் கூச்சலும் நாற்காலி வீச்சுமாக நடக்கும் அடிதடி. மதுக்கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

'அஃப்ரே' சட்டம் படித்தவர்களின் சொல். இரண்டு பேராவது பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைக்க வேண்டும். அதே இருவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உருண்டால் அது 'அஃப்ரே' ஆகாது. அச்சுறுத்தல் என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. பயந்திருப்பதைக் குறிக்கும் 'அஃப்ரெய்ட்' இதன் பிள்ளை. சண்டை போட்டவர்களுக்கு எத்தனை காயம் என்பதைவிட, தெருவில் போகிறவர்களின் அமைதி குலைந்ததுதான் இங்கே குற்றம். 1860இல் இதற்கு அதிகபட்ச அபராதம் 100 ரூபாய், இப்போது 1,000. ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

எனக்குப் பிடித்தது 'மெலே'. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாத கும்பல் சண்டை. கலத்தல் என்ற பொருள் தரும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நாமும் கைகளைக் கலந்துதானே 'கைகலப்பு' என்கிறோம்! இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு வேற்றுமை: நம் கைகலப்புக்கு இருவர் போதும்; 'மெலே'க்குக் கூட்டம் வேண்டும்.

கேள்வி: 'டானிபுரூக்' என்பதும் சண்டையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அது ஊர்ப் பெயர். அயர்லாந்தின் டப்ளினை ஒட்டியிருந்த கிராமம். இன்று நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1204இல் அரசர் ஜானின் அனுமதியோடு தொடங்கிய சந்தை, குடிக்கும் அடிதடிக்கும் பெயர்போய், 1855இல் நிறுத்தப்பட்டது. சந்தை போய்விட்டது, கெட்ட பெயர் மட்டும் அகராதியில் குடியிருக்கிறது.