நகையைக் கழற்றினால் போதுமா?

கேள்வி: ஐயா, நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, நகை அணியாத ஒரு பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கம்மலும் மெல்லிய சங்கிலியும் போட்டிருப்பதால் எனக்குச் சபையில் இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து) தருவதில்லை. வெள்ளைச் சேலை உடுத்தும் என் மாமியாரைச் சபையே பரிசுத்தவதி என்கிறது. அவர்களோ வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குப் பின்வாசலில் வைத்து, தனித் தம்ளரில் காபி கொடுக்கிறார்கள். இவர்களுக்காக நான் ஏன் நகையைக் கழற்ற வேண்டும்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நகையைக் கழற்றலாமா என்பது ஒரு கேள்வி. மாமியாரின் நடத்தையை என்னவென்று சொல்வது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை நீங்கள் இரண்டாவதிலிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சபையார் ஆதாரமாகக் காட்டும், வேதாகமத்தின் 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தின் 3, 4 வசனங்களை நிதானமாக வாசித்தால், பொன்னாபரணத்தோடு மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரம் உடுத்துவதும் ஒரே வரிசையில் வருவதைக் காண்பீர்கள். பின்னலைப் பற்றி இன்று எந்தப் போதகரும் கேட்பதில்லை. விலையுயர்ந்த வெள்ளைப் பட்டுக்கும் தங்க நிறக் கைக்கடிகாரத்துக்கும் இராப்போஜனம் மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. அப்போஸ்தலர் பேதுரு அங்கே எழுதியது தடைப் பட்டியல் அன்று. "இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே" அலங்காரமாயிருக்கட்டும் என்கிறார்.

அந்தக் குணம் எப்படி வெளிப்படும் என்பதற்கு ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஊழியக்காரன், குலத்தை விசாரிப்பதற்கு முன்பே, குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லுகிற பெண்ணைக் காட்டும்படி ஜெபிக்கிறான். தாகமெடுத்த ஒட்டகம் ஏறக்குறைய 100 லிட்டர் குடிக்கும். அவனிடம் இருந்தவை பத்து. முன்பின் தெரியாத வழிப்போக்கனின் மிருகங்களுக்காக ரெபெக்காள் குடத்தோடு மறுபடியும் மறுபடியும் துரவுக்கு (கிணற்றுக்கு) ஓடுவதை அவன் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒட்டகங்கள் குடித்து முடித்த பிறகுதான் காதணியையும், பத்துச் சேக்கல் எடையுள்ள பொன் கடகங்களையும் (கைவளைகளையும்) எடுத்துக் கொடுத்தான். (நம் கணக்கில் கடகங்கள் மட்டுமே சுமார் 14 பவுன் வரும், உங்கள் சபையில் அவளுக்கும் இராப்போஜனம் கிடைத்திருக்காது.) அந்தப் பொன் அவளுடைய குணத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இதனால் நகையைத் துறப்பதே வீண் என்று சொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உங்கள் மாவட்டத்திலேயே அயர்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்த தமிழ்ப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றினார்கள். நகை குடும்ப கௌரவமாக இருந்த சமூகத்தில், அது ஏச்சையும் கேலியையும் வாங்கிக் கொடுக்கும் செயல். உங்கள் சபையிலோ அதே செயல் நற்பெயரைச் சம்பாதித்துத் தருகிறது. ஆகவே கழற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முன், அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டுக்காகக் கழற்ற வேண்டாம். அதே போல, மாமியார் மீதுள்ள வீம்புக்காகப் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இனி உங்கள் மாமியார். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் முகத்தையும் உயரத்தையும் கண்டு, இவன்தான் ராஜாவாக அபிஷேகம் பண்ணப்படுகிறவன் என்று சாமுவேல் தீர்க்கதரிசியே நினைத்துவிட்டார், "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்பது அவருக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. வெள்ளைச் சேலையைப் பார்த்து உங்கள் சபையார் பரிசுத்தவதி என்கிறார்கள், நீங்கள் மாய்மாலக்காரி என்கிறீர்கள். அவர்களுடைய துறவு உண்மையானதாகவே இருக்கலாம். தம்ளர் விஷயத்தில் மட்டும் அவர்கள் கண் திறக்காமல் இருக்கலாம். சாதி நம் திருச்சபைகளில் அப்படித்தான் பல தலைமுறைகளாக, ஜெபத்தோடும் உபவாசத்தோடும் ஒரே வீட்டில் குடியிருந்து வருகிறது.

ஆனாலும் தனித் தம்ளரை நான் சிறிய குற்றமாகக் கருதவில்லை. அது கம்மலை விடப் பல மடங்கு பெரிய விஷயம். பொன்மோதிரம் அணிந்தவனை நல்ல இடத்தில் உட்கார வைத்து, கந்தை உடுத்தியவனைப் பார்த்து "நீ அங்கே நில்லு" என்று சொன்ன சபையாரை அப்போஸ்தலர் காலத்து யாக்கோபு தம் நிருபத்தில் நேரடியாகவே கண்டிக்கிறார். ஆனால் அந்தத் தம்ளரில் நீங்கள் காபி ஊற்றிக் கொடுத்ததே இல்லையா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. காலைக் காபியை நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் குடிக்கும் தம்ளரிலேயே ஊற்றி, அந்த அக்காவை உள்ளே அழைத்து உட்கார வைத்துக் கொடுங்கள். மாமியார் கேட்டால், "நாம் எல்லோரும் இதில்தானே குடிக்கிறோம், அத்தை" என்று சொன்னால் போதும். வசனம் காட்டி வாதாட வேண்டாம். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழைய தம்ளருக்குத் திரும்பாதீர்கள்.

இராப்போஜனத்தைப் பற்றி முதலில் உங்கள் கணவரிடம் பேசி, பிறகு இருவருமாகப் போதகரைத் தனியே சந்தித்துக் கேளுங்கள். அதன்பின் கழற்றுவதென்று நீங்களே முடிவு செய்தால், சபையில் சாட்சி சொல்லி அறிவிக்காமல் கழற்றுங்கள். உங்கள் பெற்றோர் போட்ட நகை உங்கள் சொத்து. அதை யார் கேட்டாலும் கொடுத்துவிடாமல், உங்கள் பெயரில் வங்கி லாக்கர் எடுத்து அதில் வையுங்கள்.