ஸ்டீம் டெக்: எந்த இயங்குதளம், எவ்வளவு தனியுரிமை?

கேள்வி: ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி வாங்கி ஒரு வாரம் ஆகிறது சார். அதில் உள்ள ஸ்டீம் ஓஎஸ் வால்வ் நிறுவனத்துடையது என்பதால் நான் செய்வதையெல்லாம் கண்காணிக்குமோ என்று பயமாக இருக்கிறது. அழித்துவிட்டு பஸ்ஸைட் என்ற வேறு இயங்குதளம் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் பயம் அதனால் தீராது.

ஸ்டீம் ஓஎஸ் 3 என்பது ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டியது. டெஸ்க்டாப் பக்கம் போனால் கேடிஇ பிளாஸ்மா என்ற திரை அமைப்பு இருக்கும். இவையெல்லாம் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும், கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் செயலிதான் மூடிய மூலம். எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எதை வாங்கினீர்கள், நண்பரிடம் என்ன பேசினீர்கள் என்பதெல்லாம் அந்தச் செயலி வழியாகத்தான் வால்வின் சர்வருக்குப் போகிறது. பஸ்ஸைட் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, நல்ல இயங்குதளம். ஆனால் அங்கேயும் நீங்கள் திறக்கப்போவது அதே ஸ்டீம்தான். வீடு மாறுகிறீர்கள், தபால்காரர் மாறவில்லை.

அதனால் முதல் வேலை ஸ்டீம் கணக்கில். ப்ரொஃபைல் தனியுரிமைப் பக்கத்தில் 'கேம் விவரங்கள்' என்பதைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். ஒரு கேமை மட்டும் மறைக்க வேண்டுமென்றால் 2024 முதல் அதற்கும் வழி இருக்கிறது; நண்பர்களுக்கும் அது தெரியாது. வன்பொருள் கணக்கெடுப்பு உங்களைக் கேட்டுவிட்டுத்தான் நடக்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடும். வால்வின் கண்ணிலிருந்தே விலக வேண்டுமென்றால் ஜிஓஜி கடையில் டிஆர்எம் என்ற நகல் பூட்டு இல்லாத கேம்களை வாங்கி, ஹீரோயிக் என்ற திறந்த மூலச் செயலி வழியாக ஆடுங்கள். அதற்கு இயங்குதளத்தை மாற்ற வேண்டியதே இல்லை.

கேள்வி: கல்லூரி விடுதியில் இருக்கிறேன். டெக்கை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என் ஜிமெயில், பாஸ்வேர்ட் எல்லாம் பத்திரமாக இருக்குமா?

இருக்காது. எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கண்காணிப்பைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால், இதைக் கேட்பவர் ஒருவர்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒருவரிடமிருந்து பழைய டெக் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து டெஸ்க்டாப் மோடுக்குப் போனால், முந்தைய உரிமையாளரின் பிரவுசர் அப்படியே திறந்தது. அவருடைய மின்னஞ்சல், அதற்குள் வங்கிக் கடிதங்கள், குடும்பப் படங்கள். உடனே மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த மனிதர் பதறிய பதற்றம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் கவனமில்லாதவர் இல்லை. கேம் ஆடும் கருவிதானே என்று நினைத்திருந்தார்.

டெக் ஒரு முழுக் கணினி. பெட்டியைத் திறந்து ஆன் செய்தால் 'டெக்' என்ற பயனர் பெயரில், பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் உள்ளே விடுகிறது. அதனால் இன்றே இரண்டு வேலை செய்யுங்கள். ஸ்டீம் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் பின் எண் போடுங்கள். அப்புறம் டெஸ்க்டாப் மோடில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் பயனர்கள் பகுதியில் ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள்.

இது எடுத்துப் பார்ப்பவரைத் தடுக்கும், திருடுபவரைத் தடுக்காது. பின்பக்கம் எட்டுத் திருகுகளைக் கழற்றினால் விரல் நீளம்கூட இல்லாத ஒரு எஸ்எஸ்டி, கோப்புகளெல்லாம் அதில்தான் இருக்கும். வேறு கணினியில் செருகினால் எல்லாக் கோப்பும் தெரியும், ஏனென்றால் ஸ்டீம் ஓஎஸ் தானாக டிஸ்கைக் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்வதில்லை. பஸ்ஸைட்டுக்கு மாற நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நிறுவும்போதே முழு டிஸ்க் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும், விசைப்பலகை இல்லாத கருவியில் அது பெரிய தொல்லை. டெக்குக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு தானாகத் திறக்கும்படி அமைத்தால் தொல்லை தீரும். அப்போது தனியாகக் கழற்றிய எஸ்எஸ்டி பாதுகாப்பாக இருக்கும், முழுக் கருவியோடு எடுத்துப் போனவருக்கோ அது பூட் ஆகித் திறந்துவிடும். அதனால் திரைப்பூட்டும் கூடவே வேண்டும்.

இவ்வளவு வேண்டாம் என்றால் எளிய வழி: டெக்கில் மின்னஞ்சலே திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் பாஸ்வேர்டுகளை பிரவுசரில் சேமிக்காமல் கீபாஸ் எக்ஸ்சி என்ற பாஸ்வேர்ட் பெட்டகத்திலும், கோப்புகளை கிரிப்டோமேட்டர் என்ற குறியாக்கச் செயலியிலும் வையுங்கள். இரண்டும் டெஸ்க்டாப் மோடில் உள்ள டிஸ்கவர் செயலிக் கடையில் கிடைக்கும்.

கேள்வி: லினக்ஸில் ஓடும் விண்டோஸ் கேம் தனிப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கும், என் கோப்புகளைத் தொட முடியாது என்று நண்பன் சொல்கிறான். சரியா?

பாதி சரி. ஸ்டீமில் விண்டோஸ் கேம்களை ஓட வைப்பது புரோட்டான். ஒவ்வொரு கேமுக்கும் அது தனி ஃபோல்டரில் ஒரு போலி சி டிரைவ் உருவாக்கும். அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் சொல்கிறார். ஆனால் பக்கத்திலேயே இசட் டிரைவ் என்று ஒன்றும் இருக்கிறது. அது உங்கள் லினக்ஸ் கோப்பு அமைப்பைக் காட்டும் கதவு. உங்கள் ஆவணங்களை நீங்கள் படிக்க முடிந்தால் அந்த கேமும் படிக்கலாம். புரோட்டானுக்கு அடிப்படையான வைன், புரோட்டான் இரண்டுமே பொருந்தி ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, காவலுக்காக அல்ல.

நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த கேமை ஸ்டீமுக்குள் சேர்த்து ஓட்டாதீர்கள். ஃபிளாட்பேக்காக (அனுமதி வரம்போடு தனியாக ஓடும் செயலி வடிவம்) நிறுவிய ஹீரோயிக் அல்லது பாட்டில்ஸ் வழியாக ஓட்டினால், அந்தச் செயலிக்கு அனுமதி உள்ள ஃபோல்டர்கள் மட்டுமே கேமுக்கும் எட்டும். எவை எட்டும் என்பதை ஃபிளாட்சீல் என்ற சிறு கருவியில் பார்த்துக் குறைக்கலாம்.

கேள்வி: வேலரன்ட் கேம் ஆட வேண்டும் என்பதற்காக டெக்கில் விண்டோஸ் போடச் சொல்கிறார்கள். தனியுரிமை என்ன ஆகும்?

வேலரன்ட்டின் வேன்கார்ட் ஒரு ஆன்டி சீட், அதாவது ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்; அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்காரும். இயங்குதளத்துக்கு எது தெரியுமோ அது அதற்கும் தெரியும். லினக்ஸில் அது ஓடாது; 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்ததால் அதுவும் லினக்ஸிலிருந்து போனது. ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ என்ற வேறு ஆன்டி சீட் நிரல்கள் இரண்டும் 2021 முதல் புரோட்டானில் ஓடும், ஆனால் கேம் நிறுவனம் அனுமதிக்க வேண்டும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அனுமதித்திருந்து 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டது. வாங்குமுன் ஸ்டீம் கடைப் பக்கத்தைப் பாருங்கள், கெர்னல் அளவில் இயங்கும் ஆன்டி சீட் இருந்தால் அங்கே சொல்லியிருக்கும்.

விண்டோஸ் அனுப்பும் அடிப்படைக் கண்டறிதல் தகவலை ஹோம் பதிப்பில் முழுதாக நிறுத்த முடியாது. அதே சமயம், டிஸ்க் குறியாக்கம் விஷயத்தில் விண்டோஸ் 11 ஸ்டீம் ஓஎஸ்ஸைவிட முன்னே இருக்கிறது, இதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே ஒரு கேமுக்காக டெக்கை விண்டோஸாக்க நான் சொல்ல மாட்டேன். அந்த கேமை முக்கியக் கணக்கு எதுவும் இல்லாத வேறொரு கணினியில் ஆடுங்கள்.

கேள்வி: டெக்கி லோடர் போடலாமா?

டெக்கில் பிளக்இன்கள் சேர்க்க உதவும் நல்ல கருவிதான். ஆனால் அதன் சேவை எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது, பிளக்இன்களும் அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்க முடியும். தேவையான இரண்டு மூன்றை மட்டும் அதன் கடையிலிருந்தே எடுங்கள். யாரோ அனுப்பிய ஜிப் கோப்பிலிருந்து நிறுவவே நிறுவாதீர்கள்.

கேள்வி: புரோட்டான் இருப்பதால் விபிஎன் தனியாக வேண்டாம்தானே?

பெயர்க் குழப்பம் இது, நிறையப் பேருக்கு இருக்கிறது. வால்வின் புரோட்டானுக்கும் புரோட்டான் விபிஎன் நிறுவனத்துக்கும் தொடர்பே இல்லை. விபிஎன் வேண்டுமென்றால் உங்கள் விபிஎன் சேவை தரும் வயர்கார்டு அமைப்புக் கோப்பை டெஸ்க்டாப் மோடின் நெட்வொர்க் அமைப்பில் இறக்குமதி செய்யுங்கள். பேக்மேன் என்ற ஆர்ச் நிறுவல் கருவி வழியாக எதையும் நிறுவாதீர்கள், அடுத்த ஸ்டீம் ஓஎஸ் அப்டேட்டில் அது காணாமல் போகும்.

கேள்வி: டெக்கை விற்கப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

மேலே சொன்ன மனிதரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரவுசரில் திறந்திருக்கும் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். சிஸ்டம் அமைப்புகளில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். அது முடிந்ததும் போனிலிருந்து ஸ்டீம் கார்ட் என்ற கணக்குப் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அந்தக் கருவியின் அனுமதியை நீக்குங்கள். கடைசியாக, கீழ்ப்பக்கத் துளையில் மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரீசெட் கொடுத்தோமே என்று நம்பி கார்டை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். அதை எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.