தராசு எந்தப் பக்கம் பார்க்கிறது?

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்,

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கி எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். லோரி ஓட்டுநர்களையும் சேர்த்து முப்பது பேர். போன மாதம் முதலாளி கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்து, "நம்ம கம்பெனிக்கு அஞ்சு விழுமியம் வேணும், எழுதிக் குடு" என்றார். நேர்மை, மரியாதை, ஒற்றுமை, தரம், முன்னேற்றம் என்று மூன்று மொழியில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினோம். பழைய ஓட்டுநர் மாமா ஒருவர் முதல் சொல்லைப் படித்துவிட்டு, "அப்படின்னா இனிமே எடை சரியா இருக்குமாம்மா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகமே செத்துப்போனது. இதை எப்படித்தான் சரியாகச் செய்வது?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

மாமா மேல் கோபம் வேண்டாம். முதலாளி பணம் கட்டிப் போன கருத்தரங்கில் கிடைக்காததை அவர் ஒரே கேள்வியில், அதுவும் ஓசியில் கொடுத்திருக்கிறார்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் பால் வடியும் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். வெயில் ஏறியதும் வாளிகளோடு ஸ்டோர் முன்னால் வரிசை நிற்கும், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) தராசைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்வார், அம்மா தலையாட்டுவார், அது செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், ஏறிவிடும். அம்மாவுக்கு எழுத்துதான் தடுமாறும், எண் நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய, முள் அந்தப் பக்கம். பிறகு வேறொரு கிராணி மாற்றலாகி வந்தார். வந்த வாரமே மேசையைத் திருப்பிப் போட்டார், முள் எங்களைப் பார்த்தது. அவர் நேர்மையைப் பற்றி ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை, சொல்லப்போனால் சிடுமூஞ்சி, தண்ணீர் கலந்த பாலோடு வந்தவர்களை வரிசையில் வைத்தே ஏசுவார். ஆனாலும் "அவர் கணக்கு சரியா இருக்கும்" என்று அம்மா பக்கத்துத் தோட்டத்துச் சொந்தங்களிடம் சொல்வார்.

உங்கள் சட்டத்தில் இருக்கும் ஐந்து சொற்களும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும், மாமாவின் கேள்வி உங்கள் கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்தும். (ஐந்து என்ற எண் மேல் நமக்குத் தனிப் பிரியம். நாட்டின் ஐந்து கோட்பாடுகளான ருக்குன் நெகாரா 1970இல் வந்தது, பள்ளித் திடலில் அதை ஒப்பித்து வளர்ந்தவர்கள்தானே நாம்.) குலையோடு ஒரு முறை, இறக்கிய பிறகு ஒரு முறை வண்டியை எடை போடுகிறீர்கள், அந்த இரண்டு எண்ணும் விற்க வந்தவர் கண்ணில் படுகிறதா? காய், அழுகல், காம்பு நீளம் என்று கழிக்கும்போது எந்தக் குலைக்கு எவ்வளவு என்று அவரை அழைத்துக் காட்டுகிறீர்களா? அப்புறம், நிறையக் கழித்துக் காட்டுகிற ஆளுக்குத்தான் ஆண்டுக் கடைசியில் பெரிய போனஸ் என்றால், சுவரில் என்ன தொங்கினாலும் உங்கள் கம்பெனியின் விழுமியம் அந்தப் போனஸ்தான், அதை எல்லோரும் படித்தாயிற்று.

இன்னொன்று, சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போடுவதும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை 15ஆம் தேதிக்குள் கட்டுவதும் சட்டம். அதையெல்லாம் விழுமியம் என்று எழுதிப் பெருமைப்பட வேண்டாம்.

பெரிய கம்பெனிகளில் எல்லோரும் சொல்வது ஜான்சன் அண்ட் ஜான்சன் கதை. வாடிக்கையாளருக்குத்தான் முதல் பொறுப்பு என்று 1943இல் எழுதி வைத்தார்கள். 1982இல் சிகாகோவில் அவர்களுடைய டைலனால் மாத்திரையில் (நம் ஊர் பனடோல் மாதிரி) யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அமெரிக்கா முழுக்கச் சுமார் 31 மில்லியன் புட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், மதிப்பு 100 மில்லியன் டாலருக்கு மேல். எழுதி வைத்தது என்ன விலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே கம்பெனி பிற்பாடு தங்கள் பவுடரால் புற்றுநோய் வந்தது என்ற விவகாரத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது, அதையும் சேர்த்துச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்கிற பேச்சாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஓட்டுநர்களோடு ஒரு நாள் தே தாரிக் குடிக்க உட்கார்ந்து, "நஷ்டம்னு தெரிஞ்சும் முதலாளி எதையாவது செஞ்சிருக்காரா?" என்று மட்டும் கேளுங்கள். விலை விழுந்த மாதம் யாரையும் நிறுத்தாமல் வைத்திருந்தது, லோரியில் அளவுக்கு மேல் ஏற்ற மறுத்த ஓட்டுநரை ஏசாமல் விட்டது, இப்படி ஒன்றிரண்டு கிடைக்கலாம். கிடைத்ததை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஒன்று போதும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் முதலாளி இனிமேல்தான் ஏதாவது செய்ய வேண்டும், அதை நீங்கள் எழுதித் தர முடியாது.

எடையைப் பற்றி அவரிடம் நேரடியாகப் பேசினால் உங்கள் வேலைக்கே உலை வைத்துவிடும். எடை எண்ணைக் காட்டும் திரை ஒன்றை வெளிப்பக்கம் பார்த்து மாட்டலாமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், எண் கண்ணுக்குத் தெரிந்தால் குலைக்காரர்கள் வேறு இடம் போகமாட்டார்கள் என்று காரணம் சொல்லுங்கள், வியாபாரிக்கு அது புரியும். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மாமாவுக்கு என் வணக்கம்.